மூன்றாவது என்றாள்

கழுத்தில் கொக்கி மாட்டிக் கிட்டார்களைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றுகூட நேராகத் தொங்கவில்லை என்று பாக்கியசீலிக்குப் பட்டது. எல்லாம் லேசாகத் தலையைச் சாய்த்து, யார் வந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன, அதிலும் இடுப்பு, எல்லாவற்றுக்கும் இடுப்பு, இந்தக் கிட்டாரை முதன்முதலில் செய்தவன் எவளோ ஒருத்தியைப் பார்த்துக்கொண்டேதான் செய்திருப்பான். ஏசிக் காற்று நேராக உச்சந்தலையில் இறங்கியது. முந்தானையைக் காதைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள். கிளம்பும்போது காஸ் அடுப்பின் குமிழை மூடினோமா, கையை வைத்த ஞாபகம் இருக்கிறது, திருகிய ஞாபகம் இல்லை, வீட்டுக்காரரிடம் கேட்டால் மூடினாய் என்பார், பார்க்காமலேயே மூடினாய் என்பார், இன்றைக்கு எதைக் கேட்டாலும் அவர் ஆமாம் என்றுதான் சொல்வார். அவர் கடை நடுவில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கிட்டாரின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டிருந்தார். போன மாதக் கடைசி வரை பொன்மலை ரயில்வே பணிமனையில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசல் கண்டுபிடித்த காது அது. விரல் முட்டியால் பலகையைத் தட்டுவார், காதை இறக்குவார், ம்ம் என்பார். மகள் வயிற்றிலிருந்தபோது இவள் வயிற்றில் அப்படிக் காதை வைத்துக் கேட்டாரா? கேட்டார், ஒரே ஒரு தடவை, ஏதோ உருளுது சீலி என்றார், அப்புறம் நைட் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். கடைக்காரர் சவரிமுத்து பலகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மலிவான கிட்டாரில் மேல்பலகை, மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்ததாம், வாங்கின அன்றைக்கு என்ன சத்தமோ கடைசிவரை அதே சத்தம்தானாம், நல்ல கிட்டாரில் ஒரே மரத்தை அறுத்த முழுப்பலகையாம், வாசிக்க வாசிக்க அது திறந்துகொண்டே போகுமாம். இது பாக்கியசீலிக்குத் தெரிந்த விஷயம்தான். மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு கதவு மூடாமல் நிற்கிற ஒட்டுப்பலகை பீரோவுக்கும், அப்பா சீராகக் கொடுத்த தேக்குக் கட்டிலுக்கும் என்ன வித்தியாசமென்று அவளுக்குத் தெரியாதா, அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள், அதற்குள் பக்கத்தில் இருந்த ஹெப்சிபா டீச்சர் சொல்லிவிட்டாள், "ஆமாண்ணே, நாளாக நாளாகத்தான் இதோட குரலே வெளிய வரும்."

நாளாக நாளாக. அந்த வார்த்தை உள்ளே எங்கோ போய்ப் புடவை நுனி ஆணியில் மாட்டிக்கொள்வது மாதிரி மாட்டிக்கொண்டது. மரத்துக்குச் சொல்கிறார்கள், நாளானால் குரல் வருமென்று. இருபத்தொரு வயதிலிருந்து ஒரே வீட்டில் ஒரே ஆளோடு இருக்கிறவளுக்கு யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா, உனக்கு இன்னும் குரல் வரவில்லை, இரு, வரும் என்று? அவளுக்கு நாளாக நாளாக முழங்கால் வலிதான் வந்தது. பிரஷர் மாத்திரை வந்தது. சீலி, சீலி என்று எதற்கெடுத்தாலும் கூப்பிடுகிறாரே, அதுகூடத் துண்டு எங்கே, மூக்குக்கண்ணாடி எங்கே என்பதற்குத்தான். அவர் ரிட்டயர் ஆகட்டும், ஆகட்டும் என்று அவள் எவ்வளவு காலமாகக் காத்திருந்தாள். பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. மத்தியானச் சாப்பாடு. அவ்வளவுதான். டிபன் கேரியரைக் கட்டி அனுப்பிவிட்டுத் தனக்கு மிச்சத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து, ரேடியோவைப் பார்த்து, பிறகு டிவியைப் பார்த்துச் சாப்பிட்ட மத்தியானங்கள் எத்தனையோ, இனிமேல் எதிரில் ஒரு ஆள் இருப்பார், உப்பு குறைச்சல் என்று சொல்லவாவது ஒரு ஆள். அதற்குத்தான் காத்திருந்தாள். வழியனுப்பு விழாவில் மேடையில் பக்கத்தில் உட்காரவைத்து அவளுக்கும் மாலை போட்டார்கள், அம்மாவின் தியாகம் என்றெல்லாம் யூனியன்காரர் பேசினார், அவளுக்குக் கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது, மாலையிலிருந்த சம்பங்கி மூக்கில் உரசித் தும்மல் வந்தது. அப்புறம் அவர் மைக்கைப் பிடித்தார். எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, "இனிமே ஒரு நல்ல கிட்டார் வாங்கி உக்காந்துர வேண்டியதுதான்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள், பின்னே என்ன செய்வது, மேடையில் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் அந்த முந்நூறு நானூறு பேரோடு சேர்ந்துதான் அவளும் அதைக் கேட்டாள். மைக் வழியாக. ஒரே படுக்கையில் படுக்கிற மனுஷியிடம் சொல்லத் தோன்றாததை மைக்கில் சொன்னார். அதுகூடப் போகட்டும். கூட்டத்தில் நடுவரிசையில் ஹெப்சிபா டீச்சர் உட்கார்ந்திருந்தாள், அவள் கைதட்டவில்லை, சிரித்தாள். முன்னமே தெரிந்த விஷயத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு அது. அன்றிலிருந்து பாக்கியசீலி அந்தச் சிரிப்பைக் கழுவிக் கழுவிப் பார்க்கிறாள், கறை போகவில்லை. இதற்கு மேல் இன்னொரு பயம். ரிட்டயர் ஆன வருஷமே போய்விடுகிறார்கள். பணிமனையில் இவரோடு இருந்த அந்தோணிசாமி அப்படித்தான், மாலையெல்லாம் போட்டு ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள், ஆடி முடிவதற்குள் வேறு மாலை. அப்படி எதுவும் ஆகிவிட்டால், கர்த்தரே, இருக்கிற கொஞ்ச நாளையும் இந்த மரக்கட்டையோடு பங்கு போட்டுக்கொள்ளவா அவள் காத்திருந்தாள்.

ஹெப்சிபா டீச்சரைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம். வெள்ளைக் காட்டன் புடவை, ஒற்றைப் பின்னல், மூக்கில் ஒன்றுமில்லை, கழுத்தில் சின்னச் சிலுவை, புருஷன் போய் ரொம்ப நாளாகிறது. இவரை அண்ணே என்கிறாள், இவளை அக்கா என்கிறாள். வாய் நிறைய அண்ணே. அண்ணே என்று கூப்பிடுகிறவளை எந்த வீட்டில் வைத்துச் சந்தேகப்படுவது. சந்தேகமும் இல்லை, ஆண்டவர் சாட்சியாக இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை, அவளும் இல்லை. பிறகு ஏன் சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்கு அவர் சட்டையை இஸ்திரி போடும்போதெல்லாம் பெட்டியை அப்படி அழுத்துகிறாள். கோயிலில் பாடகர் குழுவில், பெண்கள் பின்வரிசையில், தூணையொட்டி ஒரு நாற்காலி உண்டு. அது பாக்கியசீலி உட்கார்ந்த நாற்காலி. கல்யாணமாகி வந்த புதிதில் கீழ்க்குரலுக்கு ஆள் வேண்டுமென்று உட்காரவைத்தார்கள், எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவள், இசை நோட்டு வாசிக்கத் தெரியாது, ஒருமுறை கேட்டால் போதும், காதில் ஒட்டிக்கொள்ளும், அப்படியே திருப்பிப் பாடுவாள். மகள் பிறந்தாள், வீறிட்டு அழுகிற பிள்ளை, இரண்டு ஞாயிறு போகவில்லை, பிறகு நாலு ஞாயிறு, ஒருநாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தபோது அந்த நாற்காலியில் புதிதாக மாற்றலாகி வந்த டீச்சரம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். யாரும் யாரையும் எழுப்பவில்லை. காலியாக இருந்தது, உட்கார்ந்தாள். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்தான் அவர் கோயிலின் பழைய கிட்டாரை வைத்துக்கொண்டு உட்காருவார், கழுத்து வளைந்து தந்தி பலகையிலிருந்து மேலே எழும்பி நிற்கிற கிட்டார், அழுத்தி அழுத்தி அவருடைய இடது கை விரல் நுனிகளெல்லாம் காய்த்துப் போயின. இருட்டில் அந்தக் கை கன்னத்தில் படும்போது நாலு சின்னக் கூழாங்கல் மாதிரி இருக்கும். அந்தக் காய்ப்பு எப்படி வந்தது என்று ஹெப்சிபாவுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையாகத் தெரியும். இவளுக்குக் கன்னத்தில் உறுத்துகிறது என்பது மட்டும் தெரியும். இன்றைக்கும் பாருங்கள், கிட்டார் பார்க்கப் போகிறேன் சீலி, நீயும் வாயேன் என்றுதான் சொன்னார், அவள் புதுப்புடவையை எடுத்து உடுத்தினாள், கடை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினால் அங்கே குடையோடு டீச்சர் நிற்கிறாள். நல்ல காது இருக்கிற ஆள் ஒருத்தர் வேணும்ல என்றார். ஒருத்தர் வேணும்ல. அப்படியானால் நான் எதற்கு வந்தேன், பையைப் பிடித்துக்கொண்டிருக்கவா. மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்திருப்பது தெரிந்து விரல்களைத் தளர்த்தினாள்.

மூன்றைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். ஒன்று வெளுப்பு, ஒன்று மங்கலான பழுப்பு, ஒன்று கண்ணாடி மாதிரி மினுக்குகிற சிவப்பு. எல்லாம் முழுப்பலகைதான், எல்லாம் நல்ல சாமான்தான், இனிமேல் காதுதான் முடிவு சொல்ல வேண்டும் என்றார் சவரிமுத்து. வாசிக்கிறவருக்குத் தன் கிட்டார் சரியாகக் கேட்காதாம், அதன் வாய் எதிராளியைப் பார்த்துத்தானே திறந்திருக்கிறது, எதிரில் இருப்பவர்தான் சொல்ல முடியுமாம். அப்போதுதான் ஹெப்சிபா அந்த யோசனையைச் சொன்னாள், "நாங்க ரெண்டு பேரும் திரும்பி உக்காந்துக்கிறோம்ண்ணே. பாத்தா பளபளப்புல மயங்கிருவோம்." நாங்க ரெண்டு பேரும். முதன்முதலாக அந்தக் கணக்கில் பாக்கியசீலியும் வந்துவிட்டாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில், அடுக்கிவைத்த டிரம் பெட்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள், டீச்சரிடமிருந்து பவுடர் வாசனை வந்தது, பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. எட்டாம் வகுப்புப் பரீட்சைகூட அவள் எழுதவில்லை. அவர் கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு வாசிக்கிற மெட்டை எடுத்தார். முதலாவது. நன்றாக இருந்தது, சரியாக இருந்தது, தண்ணீர் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி. நிறுத்தினார். உறை உரசுகிற சத்தம், ஸ்டூல் காலை இழுக்கிற சத்தம். இரண்டாவது. முதல் தந்தியை மீட்டினதுமே அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் முதுகு நிமிர்ந்தது. சத்தம் பின்னாலிருந்து வரவில்லை, அவள் விலா எலும்புக்கு உள்ளே இருந்து வந்தது, கீழ்த்தந்தி ஒன்று நின்றது, நின்றுகொண்டே இருந்தது, மேலே மற்றவை வந்து போனபிறகும் அது வாசலில் ஆள் நிற்கிற மாதிரி நின்றது. அவள் அந்தக் கீழ்க்குரலை அறிவாள், பிள்ளை பெறுவதற்கு முன்னால் அவளுடைய தொண்டை போய் நிற்கிற இடம் அது. அவர் வேகத்தைக் குறைத்தார். அப்புறம் அந்த மெட்டையே விட்டுவிட்டார். வேறெங்கோ போனார். கோயிலில் கேட்காத, வீட்டில் கேட்காத எதுவோ ஒன்று, தானாக வந்தது போல, இவ்வளவு காலம் இந்த மனுஷனுக்குள் இது எங்கே இருந்தது, சோறு போட்டேன், துணி துவைத்தேன், காய்ச்சலுக்குப் பத்துப் போட்டேன், எனக்குக் காட்டாத அறை ஒன்று இவருக்குள் இருந்திருக்கிறது. போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார், கடை இல்லை, தெரு இல்லை, டீச்சரும் இல்லை, அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, டீச்சர்கூட அங்கே இல்லை, அது ஆறுதலாக இல்லை, அதைவிட மோசமாக இருந்தது, டீச்சராக இருந்தால் முகத்தைப் பார்த்து மல்லுக்கு நிற்கலாம். நிறுத்தினபோது அவர் ஒரு மூச்சு விட்டார். பாரத்தை இறக்கி வைத்தவனின் மூச்சு. அவளைத் தொட்டுவிட்டு அவர் அப்படி ஒரு மூச்சு விட்டதில்லை. மூன்றாவதை எடுத்தார். கணீரென்று, பாத்திரக்கடை மாதிரி சத்தம், மெட்டு முடிந்ததும் ஒழுங்காக நின்றது, அதை வாசிக்கும்போது அவர் இவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பாமலேயே அது இவளுக்குத் தெரிந்தது. "நீ சொல்லு சீலி," என்றார், "மொதல்ல நீ சொல்லு." மூன்றாவது என்றாள். யோசிக்கக்கூட இல்லை. சூடான பாத்திரத்தில் பட்ட கை தானாகப் பின்னுக்கு வருகிற மாதிரி வந்துவிட்டது.

ஹெப்சிபா தனக்கு இரண்டாவதுதான் என்றாள், மூன்றாவது சத்தமாக இருக்கிறது, ஆனால் நிற்கவில்லை என்றாள், அக்கா தப்பாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னாள். இருவரும் நாற்காலியைத் திருப்பினார்கள். இரண்டாவது அந்த மங்கல் பழுப்புதான், சிவப்பு மினுக்கல் மூன்றாவது. அவருடைய கை இன்னும் பழுப்பின் தோளில் இருந்தது. எடுக்க மனசில்லாமல் இருந்தது. பிறகு எடுத்தார், தூங்குகிற பிள்ளையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுகிற மாதிரி எடுத்தார். "இல்ல டீச்சர், சீலி சொன்னதுதான். வீட்டுல தினம் கேக்கப்போறவ அவதானே," என்றார். அவளுக்கு ஜிவ்வென்று காது சூடாகியது. ஜெயித்துவிட்டாள். டீச்சரின் காதைத் தள்ளிவிட்டு இவளுடைய காதை எடுத்துக்கொண்டார், அதுவும் டீச்சர் எதிரிலேயே, இதற்கு மேல் என்ன வேண்டும். வேண்டும் போலத்தான் இருந்தது. அவர் நம்பிவிட்டாரே. ஒரு வார்த்தை, ஏன் சீலி, மூன்றாவதில் உனக்கு என்ன பிடித்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் சண்டை போட்டாவது உண்மைக்கு வந்திருக்கலாம், நம்பிக் கையைக் கட்டிப் போட்டுவிட்டார். இனிமேல் மீதிக் காலம் முழுக்க அந்தப் பாத்திரக்கடை சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பாடு போட வேண்டும், நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும், அவரும் மனைவி ஆசைப்பட்டாள் என்று அதையே தடவிக்கொண்டிருப்பார், கொஞ்ச நாளில் ஆணியில் மாட்டிவிடுவார், அப்படி மாட்டினால் அதுவும் இவள் மாட்டினதுதான். சவரிமுத்து சிவப்பை உறைக்குள் வைக்கக் குனிந்தார். அப்போது ஹெப்சிபா சாதாரணமாகத்தான் சொன்னாள், கோயிலுக்குப் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லி பாஸ்டரய்யா கேட்டுக்கொண்டே இருக்கிறாராம், அந்தப் பழுப்பைக் கோயிலுக்கு எடுத்துவிடலாமாம். "அண்ணன்தானே வாசிக்கப்போறாரு. கோயில் பீரோல எலி, நா வேணா எங்க வீட்டுல வச்சிக்கிறேன்." அவர் முகத்தில் விளக்கு போட்ட மாதிரி ஆயிற்று. மறைக்கக்கூடத் தெரியாத முகம். வீட்டில் மனைவியின் கிட்டார், அங்கே அவருடைய கிட்டார். பயிற்சிக்கு எடுக்கப் போவார், கொண்டுபோய் வைக்கப் போவார், தந்தி மாற்றப் போவார், டீச்சர் வீட்டுக் கூடத்தில் பவுடர் வாசனையில் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று எடுப்பார், அந்த அறை திறக்கும், அவர் உள்ளே போவார், இவள் அடுப்படியில் சாம்பாரைக் கொதிக்கவிட்டுக்கொண்டு எப்போது வருவார் என்று நிற்பாள். பணிமனை போய் இப்போது இது. தானே கதவைத் திறந்து கையில் சாவியையும் கொடுத்தாயிற்று.

"அது எங்களுக்கு," என்றாள் பாக்கியசீலி. யாருக்கும் புரியவில்லை. எது என்று அவர் கேட்டார், அந்தப் பழுப்பு என்றாள். நீதானே மூணாவது என்று சொன்னாய் என்றார், சொன்னேன் என்றாள். சரியாகக் கேட்கவில்லையா, வேண்டுமானால் இன்னொரு தடவை வாசிக்கட்டுமா என்று அவர் பழுப்பை நோக்கிக் கையை நீட்ட, வேண்டாம் என்றாள், இன்னொரு தடவை அதை இங்கே எல்லார் முன்னாலும் கேட்க அவளால் முடியாது. "நல்லாத்தான் கேட்டுச்சு. கேட்டதுனாலதான் சொல்லல." ஆரம்பித்தாயிற்று, இனி விழுங்க முடியாது. "அத வாசிக்கிறப்ப நீங்க இங்க இல்ல. நா ஒருத்தி உக்காந்திருக்கேன்கிறதே உங்களுக்கு இல்ல." சவரிமுத்து துணியை எடுத்துத் துடைத்த பலகையையே மறுபடி துடைத்தார். ஹெப்சிபா குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லிவிடுவார், சீ, என்ன பேச்சு இது, பப்ளிக்கில் என்பார், அதற்குத் தயாராகத்தான் பாக்கியசீலி நின்றாள், அப்படிச் சொன்னால் அழுதுவிடலாம் என்றுகூட ஒரு ஓரத்தில் இருந்தது. அவர் யோசித்தார். அவர் சக்கரத்தைத் தட்டிவிட்டுப் பேசாமல் நிற்கும்போது இந்த மாதிரிதான் நின்றிருப்பார். "ஆமா சீலி," என்றார். "போயிட்டேன்." கத்தி மாதிரி இறங்கியது. இறங்கின இடத்தில் ஏதோ ஒன்று குளிர்ந்தும் போயிற்று, கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் இவ்வளவு உண்மையாக எதையும் சொன்னதில்லை, டீச்சரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். அப்புறம் எதுக்கு அது வேணுங்கிற என்று மெதுவாகக் கேட்டார். "போறதுன்னா வீட்டுக்குள்ள இருந்து போங்க," என்றாள். "எத்தன மணிக்குப் போனீங்க, எப்ப வந்தீங்கன்னாவது எனக்குத் தெரியும்." அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு, கோயிலுக்கு அந்தச் சிவப்பை எடுத்துக்கொள்ளட்டும், சத்தம் நன்றாகத் தூரம் போகும், எலியும் கிட்டே வராது என்றாள். முதலில் சிரித்தது ஹெப்சிபாதான். "அக்கா, நீங்க பொல்லாத ஆளுக்கா," என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் ஒரு தடவை பழுப்பின் மேல் போய்விட்டு வந்தது, அதை பாக்கியசீலி பார்த்துவிட்டாள், பார்த்தது நல்லதாயிற்று, அந்த ஒரு பார்வைக்காகவே வாங்கலாம்.

ஆட்டோவில் இருவருக்கும் நடுவில் அது நின்றது. படுக்கப் போட இடமில்லை, நிற்கவைத்தால் தலை கூரையில் முட்டுகிறது, ஆகவே சாய்த்து, யார் பக்கம் சாய்ப்பது என்று தெரியாமல் கடைசியில் இவள் பக்கமே சாய்ந்துகொண்டது. கறுப்பு உறை, ஜிப்பு, புதுத் துணி வாசனை. விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு கையால் அதன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அவர் சந்தோஷமாக இருந்தார், மழை வரும் போலிருக்கிறது என்றார், மகளுக்கு போட்டோ அனுப்ப வேண்டும் என்றார், பாலம் இறங்கும்போது பேச்சை நிறுத்தினார். தன் வாயாலேயே கேட்டு, பேரம் பேசி, தன் மடியிலேயே உட்காரவைத்து ஒருத்தி தன் சக்களத்தியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது இந்த ஊரில் வேறு எங்காவது நடந்திருக்குமா என்று பாக்கியசீலி நினைத்தாள், நினைத்துக்கொண்டே பிடியைத் தளர்த்தாமல் இருந்தாள். ரோடு அங்கே குண்டும் குழியுமாக இருந்தது. வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது உறைக்குள் யாரும் தொடாமலே தந்திகள் மெல்ல முனகின. அவர் வெளியே பார்ப்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டு அதைக் கேட்டார். அவர் கேட்பதை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள்.